வில்லும் குறுவாளும்: மலிவான படை எப்போது வெல்லும்?

பழங்காலப் போர் விளையாட்டுகளை ஆடுகிறவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கையிலிருக்கும் பொன்னையெல்லாம் குதிரைவீரனிலும் யானையிலும் போடுவதா, யாரும் சீண்டாத ஈட்டிக்காரனையும் எறிவேல்காரனையும் கூட்டமாக இறக்குவதா? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடுகிறவர்கள் இந்த இரண்டாம் வகைக்கு 'ட்ராஷ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொன் கேட்காமல் வெறும் உணவுக்கும் மரத்துக்கும் கிடைக்கிற படை அது. குப்பை என்று ஒதுக்கப்பட்ட படையை வைத்தே எதிரியின் கோட்டைவாசல் வரை போய் நிற்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. அந்த ஆசைதான் இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது: மலிவான படை வெல்வது விளையாட்டை வடிவமைத்தவர்கள் சமநிலைக்காகச் செய்து கொடுத்த சலுகையா, உண்மைப் போர்களிலும் அப்படித்தான் நடந்ததா?

இதற்குச் சான்று தேடுகிறவர்கள் வழக்கமாகக் கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் போவார்கள். அங்கும் போகத்தான் வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டிய சான்று தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியே நட்டுவைக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஊரின் நிலஅமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தென்மேற்கே சேர்வராயன் மலை, கிழக்கே சித்தேரி மலை. சேர்வராயனில் பிறக்கும் வாணியாறு இறங்கி வருகிற வெளி இது. தெற்கே மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் பாதை. இப்படி மலைகளுக்கு நடுவே கிடக்கும் மேய்ச்சல் நிலத்தில் செல்வம் என்பது நெல்லைவிட மாடாகத்தான் இருந்திருக்கும். மாடு நகரும் செல்வம், ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஓட்டிக்கொண்டு போகிறவனைக் கணவாய் தாண்டுவதற்குள் மறிக்க வேண்டும். குதிரைப்படையை அணிவகுக்கவோ யானையைத் திருப்பவோ இங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஊரில் யார் இருக்கிறானோ, அவன் கையில் என்ன இருக்கிறதோ, அதுதான் படை.

அந்தப் படையின் உருவம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் தமிழகத்தில் நடுகற்கள் செறிந்த பகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்திலேயே செங்கம் நடுகற்களைத் தனி நூலாகத் தொகுத்து வெளியிட்டது. தருமபுரி மாவட்டக் கற்கள் அடுத்துத் தொகுக்கப்பட்டன. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகிலுள்ள இருளப்பட்டியிலும் அரூர் வட்டாரமெங்கும் வட்டெழுத்தில் பொறித்த பழங்கற்கள் கிடைத்திருக்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்களை வரிசையாகவே பார்க்கலாம். பெரும்பாலான கற்களில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், முன்னோக்கிப் பாயும் கால்கள், உடலில் தைத்து நிற்கும் அம்புகள். குதிரையேறியவர்களும் சில கற்களில் உண்டு. ஆனால் இந்தப் பகுதியின் பழைய கற்கள் பேசுவது தரையில் ஓடியவனைப் பற்றித்தான்.

பொறிக்கப்பட்ட வாசகங்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. முதலில் அரசனின் ஆட்சியாண்டு வரும். பிறகு அந்த நாட்டை ஆண்ட சிற்றரசன் பெயர். அதற்குக் கீழே இன்னாரின் சேவகன், இன்னாரின் இளமகன் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் செத்தவனின் பெயர். பேரரசனின் பெயர் இங்கே காலக்குறிப்புக்கு மட்டும் பயன்படுகிறது. கல் எழுந்தது ஊர்க்காரன் ஒருவனுக்காக. ஒரு பேரரசின் வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெற முடியாதவர்கள் இந்தக் கற்களில் தலைமை உருவமாக நிற்கிறார்கள். கடைநிலைக் காலாள் ஒருவனுக்கு இத்தனை நூற்றாண்டு தொடர்ச்சியாக, பெயரும் உருவமும் சேர்த்து இவ்வளவு நினைவுக்கல் எழுந்தது சிறிய செய்தி அல்ல.

ஆனால் இந்தச் சான்றை அப்படியே வெற்றிக் கணக்கில் எழுதிவிட முடியாது. நடுகல் செத்தவனுக்கு நடுவது. பிழைத்துத் திரும்பியவனுக்குக் கல் இல்லை, எனவே எத்தனை முறை ஊர்ப்படை வென்றது என்று கற்களை எண்ணிச் சொல்ல வழியில்லை. இருந்தும் வாசகங்களுக்குள் ஒரு பாகுபாடு இருக்கிறது. சில கற்கள் தொறு கொள்ளப்பட்டபோது பட்டான் என்கின்றன. வேறு சில, தொறு மீட்டுப் பட்டான் என்கின்றன. தொறு என்பது மாட்டு மந்தை. இரண்டாம் வகைக் கல்லில் வீரன் செத்தான், மந்தை திரும்பியது. விளையாட்டின் மொழியில் சொன்னால், படைப்பிரிவு அழிந்தது, நோக்கம் நிறைவேறியது. கொன்றவர், செத்தவர் கணக்கை மட்டும் பார்த்துப் படையை எடைபோடுகிறவர்கள் இந்த வகை வெற்றியைக் காணவே மாட்டார்கள்.

இதே நிலப்பரப்பின் வடகிழக்கே, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தைக்காகப் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. எந்தப் படைப்பட்டியலிலும் சேராத ஓர் உயிரின் பங்கை, எத்தனை பேரைத் தாக்கியது என்ற கணக்கோடு பதிந்துவைத்திருக்கிறார்கள். 2004இல் வந்த 'ரோம்: டோட்டல் வார்' விளையாட்டில் போர்நாய்ப் பிரிவு உண்டு. பலர் அதை வேடிக்கைக்கு வாங்குவதாக நினைத்து ஒதுக்குவார்கள். நாய்களை நடத்துகிற ஆட்கள் பிழைத்திருந்தால் அடுத்த போருக்கு நாய்கள் செலவில்லாமல் மறுபடி நிரம்பிவிடும் என்பது தெரிந்தவர்கள்தான் அதை முதலில் அவிழ்த்துவிட்டு எதிரியின் வரிசையைக் கலைப்பார்கள்.

இவ்வளவு பயன்பட்ட படைக்கு ஏன் மதிப்பில்லாமல் போனது? இங்கேதான் கேள்வி சுவையாகிறது. போரைப் பற்றி எழுதியவர்கள், பாடியவர்கள் எல்லாரும் வெற்றியை அளந்தார்களா, வீரத்தை அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு.

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், காட்டு முயலைத் தைத்த அம்பைவிட யானையைக் குறிவைத்துத் தவறிப்போன வேலை ஏந்துவதே இனிது என்ற கருத்து வருகிறது. பெருமிதத்தின் இலக்கணமாக அது உயர்ந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதையே படைக்கணக்காக எடுத்துக்கொண்டால், தவறிய வேல் மேலே போகிறது, பட்ட அம்பு கீழே போகிறது. எதை எறிந்தான், யார்மீது எறிந்தான் என்பது பெரிதாகி, எறிந்ததால் என்ன நடந்தது என்பது மறைகிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அவனுக்கு நட்பான ஔவையார், அந்த நகரைத் தொலைத்த பெருஞ்சேரல் இரும்பொறை ஆகியோரின் பெயர்கள் நமக்குத் தெரியும். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அந்த வெற்றியையே பட்டமாகச் சூட்டுகிறது. தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாகக் கிடைத்திருந்தால் முற்றுகையில் வில்லெடுத்த சாதாரண ஆளின் வேலை ஓரளவு தெரிந்திருக்கலாம். சிதறல்களாகச் சில பாடல்களே மிஞ்சின. ஔவையார் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றுதான் இங்கே கைகொடுக்கிறது. நெய் பூசி மாலை சூட்டி அழகாக அடுக்கிய ஆயுதங்கள் அங்கே. முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பவை அதியமானுடையவை. பளபளப்பைப் பார்த்துப் படையை எடைபோடாதே என்று ஒரு புலவர் அரசனிடமே நயமாகச் சொன்ன இடம் அது.

கிரேக்கத்திலும் இதே கதைதான். கி.மு. 425இல் ஸ்ஃபாக்டீரியா தீவில் 420 ஸ்பார்ட்டா கனரகக் காலாட்கள் சிக்கினார்கள். அன்றைய உலகின் தலைசிறந்த படை அவர்களுடையது. நேருக்கு நேர் நின்று அவர்களை வெல்வது முடியாத காரியம் என்று எல்லாரும் நம்பினார்கள். ஏதென்ஸின் டெமோஸ்தெனீஸ் நேருக்கு நேர் நிற்கவே இல்லை. வில்லாளிகளையும் எறிவேல்காரர்களையும் கல்லெறிவோரையும் கரடுமுரடான நிலத்தில் சிறுசிறு கூட்டமாகப் பரப்பினார். ஸ்பார்ட்டர்கள் முன்னேறினால் இவர்கள் ஓடினார்கள். பின்வாங்கினால் துரத்தி எறிந்தார்கள். கவசத்தின் கனமே ஸ்பார்ட்டர்களுக்கு எதிரியானது. கடைசியில் 292 பேர் உயிரோடு பிடிபட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 120 பேர் முழுக்குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டர்கள். கிரேக்க உலகமே திகைத்தது. பிடிபட்ட ஒருவனிடம், செத்தவர்கள்தான் உண்மையான வீரர்களோ என்று யாரோ குத்திக் கேட்க, வீரனைத் தேடிப் பிடித்துத் தைக்கத் தெரிந்த அம்பு இருந்தால் அதற்கு விலை அதிகம்தான் என்ற பொருளில் அவன் பதில் சொன்னதாகத் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். தோற்றுக் கைதான பின்னும் அந்த ஆளுக்கு அம்பின்மீது இருந்த இளக்காரம் போகவில்லை.

ஒரு தலைமுறை கழித்து, லெக்கேயத்தில் மறுபடி அதேபோல் நடந்தது. ஏறத்தாழ 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் பிரிவை ஏதென்ஸின் இஃபிக்ராட்டீஸுடைய எறிவேல்காரர்கள் அலையலையாக வந்து தாக்கிச் சிதைத்தார்கள். சுமார் 250 பேர் மாண்டார்கள். இரண்டாவது முறையும் நடந்த பிறகாவது இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எறிவேல்காரனின் தகுதி உயரவில்லை, ஏனென்றால் அவன் ஏழை. கவசம் வாங்க வசதியில்லாதவன்தான் எறிவேலோடு வந்தான். ரோமப் படையிலும் அதேதான்: வெலீட்டஸ் என்ற முன்னணி எறிவேல்காரர்கள் வயதில் இளையவர்கள், சொத்தில் கடைசி. ஆயுதத்தின் தரவரிசை என்று நாம் படித்துவருவதில் பாதி, ஆயுதம் ஏந்தியவனின் குடித்தரவரிசை. என்னைக் கேட்டால் இந்த ஆய்வில் கிடைக்கிற முக்கியமான முடிவு இதுவே.

யானை விஷயத்தில் சான்று இன்னும் தெளிவு. கி.மு. 326இல் ஜீலம் கரையில் போரஸின் யானைகளுக்கு முன்னால் அலெக்சாந்தரின் எறிவேல்காரர்களும் வில்லாளிகளும் பாகர்களையும் யானைகளின் உடலையும் குறிவைத்தார்கள். பாகனிழந்து புண்பட்ட யானைகள் இரு பக்கத்தையும் மிதித்தன. கி.மு. 202இல் ஸாமாவில் ஹன்னிபால் கொண்டுவந்த 80 யானைகளுக்கு ரோமத் தளபதி ஸ்கிப்பியோ அணிகளுக்கு நடுவே சந்து விட்டு, அந்தச் சந்துகளில் வெலீட்டஸ்காரர்களை நிறுத்தினார். உலகின் விலை கூடிய படைக்கு எதிராக நின்றது ரோமப் படையிலேயே மலிவான பிரிவு.

தமிழ் மண்ணில் பிற்காலத்தில் இதற்கு நிகரான நிகழ்ச்சி பாஞ்சாலங்குறிச்சி. 1801 மார்ச் 31இல் கும்பினிப் படை பீரங்கியோடும் துப்பாக்கியோடும் மண்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. உடைப்பில் ஏறியவர்களை எதிர்கொண்டது ஊமைத்துரையின் ஆட்கள் பிடித்திருந்த மிக நீண்ட ஈட்டி. துப்பாக்கி மறுபடி மருந்திடும் இடைவெளியில், குறுகிய உடைப்பில், அந்த ஈட்டிக்கு மாற்று இல்லை. மே 24இல் கூடுதல் படை வந்த பிறகே கோட்டை விழுந்தது. ஈட்டியின் வலிமையையும் எல்லையையும் ஒரே இடத்தில் காட்டுகிற போர் அது. ஒடுக்கமான இடத்தில் வென்றது, நீண்ட முற்றுகையில் தாங்கவில்லை.

இனி எதிர்வாதத்துக்கு வர வேண்டும். அதற்கும் வள்ளுவரே துணை. கடல்போல எலிக்கூட்டம் ஆர்ப்பரித்தாலும் நாகம் மூச்சு விட்டால் தீர்ந்தது என்கிறது படைமாட்சி அதிகாரம். எண்ணிக்கை மட்டும் போதாது என்பதில் ஐயமில்லை. கூட்டமாக நிற்பதும் கூடி இயங்குவதும் ஒன்றல்ல. திறந்த வெளியில் குதிரைப்படையிடம் சிக்கிய எறிவேல்காரர்கள் எத்தனையோ முறை வெட்டிச் சாய்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் எலி எப்போது வெல்லும் என்ற கேள்விக்கு நம் திண்ணைகளிலும் கோயில் தளக்கற்களிலும் வேறொரு விடை கீறப்பட்டிருக்கிறது.

ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. ஆட்டுக்கு இருக்கிற ஒரே ஆற்றல் ஓர் இடத்தை அடைத்து நிற்பது. பின்னால் இன்னோர் ஆடு நின்றால் முன்னால் நிற்கும் ஆட்டைப் புலியால் தொட முடியாது. புலிக்கு நகர இடமில்லாமல் போனால் ஆட்டம் ஆடுகளுக்கு. புதிதாக ஆடுகிறவர்கள் புலியைக் கேட்டு வாங்குவதும், நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஆட்டை எடுத்துக்கொள்வதும் இந்த ஆட்டம் ஆடும் எந்த ஊரிலும் காணக்கூடியது. இதன் நேபாள உறவான பாக்சாலில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். அதைக் கணினியால் முழுதும் அலசியவர்கள், இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் சமனில் முடியும் என்று நிறுவியிருக்கிறார்கள். வெட்டவே தெரியாத காய், வெட்டும் காயோடு சமமாக நிற்கிறது. சதுரங்கத்திலும் 1749இலேயே ஃபிலிடோர் காலாட்களின் வரிசையை வைத்தே ஆட்டத்தை விளக்கினார். தனி ஆட்டுக்கு ஆற்றலில்லை. இரண்டு ஆடுகளுக்கு இடையிலுள்ள உறவில்தான் ஆற்றல் இருக்கிறது. எலிக்கூட்டத்துக்கு இல்லாதது அந்த உறவு.

கணினி விளையாட்டுக்குத் திரும்பினால், கணக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இல் 'நைட்' என்ற குதிரைவீரனுக்கு 60 உணவும் 75 பொன்னும் ஆகும். 'ஸ்பியர்மேன்' என்ற ஈட்டிக்காரனுக்கு 35 உணவும் 25 மரமும் போதும்; குதிரையைக் குத்தும்போது அவன் தாக்குதலோடு 15 கூடுகிறது. 'ஸ்கிர்மிஷர்' என்ற எறிவேல்காரன் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. மேம்பாடு எதுவும் செய்யாத நிலையில் அவனுக்கும் வில்லாளிக்கும் உயிர்ப்புள்ளி 30தான். வில்லாளியின் அம்பு 4 என்றாலும் எறிவேல்காரனின் கேடயம் 3ஐத் தடுத்துவிடும், எஞ்சுவது 1. எறிவேலின் தாக்குதல் வெறும் 2; வில்லாளிமீது மட்டும் 3 கூடி 5 ஆகிறது. பட்டியலில் 2 என்று இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு அவனை ஒதுக்குகிறவர், அவன் யாருக்கு எதிராக நிற்கிறான் என்று பார்ப்பதில்லை. அவனிடம் ஐந்து குதிரைவீரர்களை அனுப்பினால் கதை முடிந்தது. அதனால்தான் அவனுக்குப் பின்னால் ஈட்டிக்காரன் நிற்க வேண்டும், ஆட்டுக்குப் பின்னால் ஆடு நிற்பது போல.

2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர்கள் தனி இனமாகச் சேர்க்கப்பட்டார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் ஒரு தொடராக வந்தது. அந்த இனத்துக்கு 'நைட்' வரிசையே கிடையாது. பதிலாக எறிவேல்காரர்கள் 25 விழுக்காடு விரைவாக எறிகிறார்கள், காலாட்படை மேம்பாடுகளுக்குப் பாதி விலை, உக்கு எஃகின் பெயரில் வரும் ஆராய்ச்சி எதிரியின் கவசத்தையே ஊடுருவுகிறது. குதிரையை நம்பிப் பழகியவர்கள் இதைப் பலவீனமான இனம் என்று தள்ளினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் குதிரைவரிசை இல்லாததை ஈடுகட்ட நடந்தே வெல்லக் கற்றுக்கொடுக்கிற இனம் இது. ஒரு குறை மட்டும் உண்டு: தனிச்சிறப்புப் படையாக அவர்கள் தேர்ந்தது சுருள்வாள் வீரனை. பார்க்க அழகு, ஆனால் அடர்த்தியாக நின்று போரிடும் வரிசையில் சுருள்வாளைச் சுழற்றினால் பக்கத்தில் நிற்பவனுக்கே ஆபத்து. தருமபுரிக் கற்களைப் பார்த்திருந்தால் வில்லையும் குறுவாளையும் சேர்த்துப் பிடித்த ஒருவனை, தூரத்தில் எய்து நெருங்கியதும் வெட்டுகிற ஒருவனை, அவர்கள் படைத்திருக்கலாம். இந்த விளையாட்டில் அப்படி இரண்டும் செய்கிற மலிவான படை மிக அரிது.

இந்த விளையாட்டில் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இன்னொரு வழி இருக்கிறது. ஆட்டத் தொடக்கத்தில் மேயும் ஆடுமாடுகளைக் காவலின்றி விட்டால், எதிரியின் ஆள் ஒருவன் பக்கத்தில் வந்தாலே அவை அவன் வசம் போய்விடும். ஓர் ஆட்டுக்கு 100 உணவு, ஒரு மாட்டுக்கு 150. ஓர் உழைப்பாளியை உருவாக்க 50 உணவு ஆகும் என்பதால், இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் எதிரிக்கு நான்கு உழைப்பாளிகள் குறைகிறார்கள். ஒரு வாளும் உறையிலிருந்து வெளியே வரவில்லை. வெட்சி என்று தொல்காப்பியம் முதலில் வைத்த திணை இதுதான்; ஆநிரை கவர்தலில்தான் அது புறத்திணையைத் தொடங்குகிறது. மீட்கிற கரந்தையும் அதையொட்டியே வருகிறது. அந்த விளையாட்டில் காட்சிகளை நாமே அமைக்கும் கருவி உண்டு. மஞ்சவாடிக் கணவாயை வரைந்து, நடுவே ஒரு மந்தையை விட்டு, ஒரு பக்கத்துக்குக் குதிரையும் மறு பக்கத்துக்கு வில்லாளியும் ஈட்டிக்காரனும் ஒரு நாயும் கொடுத்து, எதிரியைக் கொன்ற எண்ணிக்கையை எண்ணாமல் கணவாய்க்கு இந்தப் பக்கம் திரும்பிய மாட்டை மட்டும் வெற்றியாக எண்ணும்படி விதி வைக்கலாம். அந்த விதியில் ஆடிப்பார்த்தால் குப்பை என்று பெயர் வாங்கிய படையை முதலில் வாங்குகிறவர்கள் கூடிவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.